கரையில்லாத கட்டு

எனக்கு வயது எண்பத்தொன்று. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. கணக்குத் தப்பில்லை. நாத்தனார் கண்ணை மூடிய பிறகு அவள் பெற்ற இரண்டும் என் அடுப்பில்தான் வளர்ந்தன. ஒன்பது பேரில் ஒருவரும் அடுத்தவர் வாசலில் போய்க் கையேந்தி நின்றதில்லை. இந்த ஒன்பதையும் இரண்டு காலில் நின்று வளர்த்தேன் என்பது எனக்குப் பெருமை. பெருமை என்று சொல்லிவிட்டேன், சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஒற்றைக் காலோடு வளர்த்திருக்க வேண்டியவள் நான்.

என் இடது காலில் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, உள்பக்கமாக, ஒரு வடு இருக்கிறது. உள்ளங்கை அகலம். வறுத்த புளியங்கொட்டை மாதிரி கறுத்து மினுமினுவென்று இருக்கும். பேரன் பேத்திகள் எல்லோரும் விவரம் தெரிகிற வயதில் அதைத் தொட்டுப் பார்த்து, "என்ன ஆயா இது?" என்று கேட்டவர்கள்தான். ஒருத்தனுக்கு நாய் கடித்தது என்றேன். இன்னொருத்திக்கு நரி என்றேன். நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். எனக்கு எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வரும். பரவாயில்லை, அவசரம் ஒன்றுமில்லை.

நாங்கள் எடப்பாடிப் பக்கம் தறிக்காரக் குடும்பம். வீட்டுக்குள்ளேயே தறிக்குழி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து எங்கள் வீட்டுக்காரர் நெய்வார். நான் ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பேன். விடிகிற நேரத்தில் தெருவில் பாவு நீட்டுவோம். பாவு என்றால் சேலைக்கு நீளவாட்டில் ஓடுகிற நூல். அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவித் தேய்த்து, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்ட வேண்டும். கஞ்சி ஏறாத நூல் தறியில் நிற்காது, பொட்டுப் பொட்டென்று அறுந்துபோகும். அந்த வேலை முடிகிறவரை உட்காரக் கூடாது. நின்றபடிதான்.

மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு எனக்குக் கால் நரம்பு சுருண்டு சுருண்டு புடைத்துக்கொண்டது. மாலையானால் கால் கனத்துத் தூண் மாதிரி ஆகிவிடும். ஒருநாள் பாவு கட்டுகிற முளைக்குச்சி கணுக்காலில் இடித்துத் தோல் உரிந்தது. கடுகளவுதான். கடுகு மிளகாகி, மிளகு கொட்டைப்பாக்காகி, வருஷம் திரும்புவதற்குள் குழந்தையின் கை அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டது. மஞ்சள் வைத்தோம். வேப்பிலை அரைத்து வைத்தோம். சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்து வைத்தோம். மயில்துத்தம் வைத்த அன்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த தெருத் தறிகளும் நின்றுபோனதாகச் சொல்வார்கள்.

தினமும் அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டியவர் என் மாமியார். நாற்றம் பொறுக்காமல் என் சாப்பாட்டுத் தட்டைப் புறக்கடைக்கு நகர்த்தியவரும் அவர்தான். இரண்டும் அவர்தான். சின்ன வயதிலேயே தாலி அறுத்தவர். எங்கள் வீட்டுக்காரர் அப்போது நடை பழகுகிற பிள்ளையாம். அன்றிலிருந்து அவர் உடம்பில் வெள்ளைச் சேலைதான். கரை கிடையாது. எங்கள் பக்கம் கரையில்லாத வெள்ளை அறுத்தவர்களுக்கு மட்டும்தான். பச்சையும் சிவப்புமாகக் கரை ஓடுகிற வீட்டில் அவர் ஒருத்தர் மட்டும் வெளுத்துப் போய் நடமாடுவார்.

புண்ணில் கறுப்புத் தட்டின பிறகுதான் ஊருக்கு வெளியே இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் கட்டைப் பிரித்தார், குனிந்து பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. அதற்கே எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

"தை பொறக்கிற வரைக்கும் பார்க்கலாம்மா. அதுக்குள்ள ஆறலைன்னா சேலம் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தர்றேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துடுவாங்க. உசுரு முக்கியம்."

"எடுக்கறதுன்னா எதைங்க?" என்று கேட்டார் எங்கள் வீட்டுக்காரர்.

டாக்டர் தன் காலிலேயே கையை வைத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டினார். எங்கள் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உட்காரவும் தோன்றவில்லை. காது அடைத்துக்கொண்டது. டாக்டரின் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. காலில்லாதவளை வைத்துக்கொண்டு ஒரு தறி வீடு ஓடாது. என்னைத் தாய்வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டு அவருக்கு வேறு ஒருத்தியைக் கட்டுவார்கள். அது ஊரில் நடக்காத காரியமில்லை. என் மூன்றும் அவளை 'அம்மா' என்று கூப்பிடும். இதெல்லாம் அந்த ஒரு கோட்டில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற நர்சம்மா வாயைத் திறந்தார். "தை வரைக்கும் இந்தப் பிள்ளையை எனக்கு விடுங்க டாக்டர். நான் சொல்லிக் குடுக்கேன்."

அவர் சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் வேலை பார்த்துவிட்டு இங்கே மாறி வந்தவர். பிறந்தது திருநெல்வேலிச் சீமை. பேச்சில் நம் பக்கத்து இழுவை மருந்துக்கும் இருக்காது. வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை, வயது முப்பதுக்கு மேலே இராது.

சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது, மருந்து வைத்தால் ஆறப்போகிறது என்றுதான் நினைத்தேன். சந்தை நாளில் வரச்சொன்னார். போனால், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மரத்தடியில் ஒரு பெஞ்சு. சுற்றிலும் என்னை மாதிரிப் புண்காலுக்காரர்கள். பெரும்பாலும் ஆண்கள். அதில் ஒரு வண்டிக்காரப் பெரியவர், மாடு உதைத்த இடம் பத்து வருஷமாக ஆறாமல் கிடக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நர்சம்மா என்னைப் பார்த்தார். "நீ வா. இந்த பெஞ்சுல காலைத் தூக்கி வை. சேலையை முட்டு வரைக்கும் ஏத்து. எல்லாரும் பாக்கட்டும்."

எனக்குப் பகீரென்றது. கட்டின புருஷன் தவிர ஒரு ஆண்பிள்ளை என் கணுக்காலைப் பார்த்ததில்லை. டாக்டரிடம் காட்டினதே பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

"மாட்டேனுங்க. காலே போனாலும் போவட்டும்."

"காலு போனா அப்புறம் ஏத்துததுக்குச் சேலை மட்டுந்தான் இருக்கும்," என்றார் அவர். கோபமில்லை. சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? தன் காலையே தூக்கி பெஞ்சில் வைத்து, தன் வெள்ளைச் சேலையை முழங்கால்வரை ஏற்றினார். அத்தனை ஆண்கள் நடுவே! ஒருத்தர் வானத்தைப் பார்த்தார், ஒருத்தர் இருமினார். வண்டிக்காரப் பெரியவர் மரத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"ஏனுங்க நர்சம்மா, நான் மாட்டுக் காலைத் தவிர வேற காலை உத்துப் பார்த்ததில்லீங்க."

"அப்பம் மாட்டுக் காலுன்னு நெனச்சுக்கிட்டுப் பாரும்."

சிரிப்புக்கு நடுவே பாடம் ஆரம்பித்தது. கொதிக்கவைத்து ஆறின தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவுகிற கையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மஞ்சள், இலை, சாணி ஒன்றும் கூடாது. காலையில் கண் விழித்ததும், கட்டிலை விட்டுக் காலைக் கீழே போடுவதற்கு முன்பே கட்டிவிட வேண்டும். விரல் ஆரம்பிக்கிற இடத்தில் தொடங்கி, கணுக்காலில் இறுக்கி, மேலே போகப்போக இளக்கி, முட்டிக்குக் கீழே முடிக்க வேண்டும். "நரம்புல நீரு கீழே எறங்கி நிக்குது. அதைக் கட்டு மேல தள்ளும். படுத்தா காலு நெஞ்சை விட ஒசரத்துல இருக்கணும். நடக்கலாம், படுக்கலாம். நிக்கதுதான் ஆகாது."

நிற்கக் கூடாதா! நான் நின்று நின்றே ஒரு வீட்டைத் தாங்கியவள். என் காலைத் தின்றது அந்த நிற்பதுதான் என்று ஒருவரும் அதுவரை சொன்னதில்லை.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கப்பலில் வருகிற கட்டுத்துணி ஆஸ்பத்திரிக்கு வருவது குறைந்துபோயிருந்தது. ஆகையால் துணி அவரவர் வீட்டிலிருந்து. "வெள்ளைத் துணியா, நீளமாக் கிழிச்சு, வேகவெச்சுக் காயப்போட்டுக் கொண்டாங்க. கட்டுனதைத் தெனமும் வேகவைக்கணும்," என்றார்.

எல்லாம் சொல்லி முடித்தவர் போகவிடவில்லை. "இப்பம் நான் சொன்னதை நீங்க திருப்பிச் சொல்லணும். சொல்லாம ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது."

வண்டிக்காரப் பெரியவர் முந்திக்கொண்டார். "கால் விரல்ல புடிச்சுச் சுத்திக்கிட்டே மேல போயி, கழுத்துல முடிச்சுப் போடோணுமுங்க."

"கழுத்துல போட்டா சீக்கிரமே எல்லா நோவும் தீந்துரும். முட்டிக்குக் கீழே, ஐயா!"

நான் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னேன். அன்று எழுத்தே வராத எனக்குக் காதுதானே ஏடு.

வீட்டுக்கு வந்து அதையே மாமியாரிடம் ஒப்பித்தேன். கட்டில் ஒன்றுதான் இருந்தது. கால் பக்கம் நூல் மூட்டையை வைத்து உயர்த்தினால் தறிக்கு நேரே கால் நீளுகிறது. தறி எங்களுக்குச் சாமி, அதற்கு நேரே கால் நீட்டக் கூடாது. மாமியார் கட்டிலைத் திருப்பிப் போட்டுத் தலையைத் தறிப்பக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பட்டப்பகலில் மருமகள் காலைத் தூக்கிவைத்துப் படுத்திருக்க, மாமியார் களி கிண்டுகிறார். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். வெள்ளைத் துணி என்று சொன்னேன் பாருங்கள், அங்கேதான் முகம் இருண்டது.

"கரையில்லாத வெள்ளையையா? உன் ஒடம்புல சுத்தறதுக்கா?"

"கட்டுத்தானுங்க அத்தெ. சேலையில்லியே."

"ஒடம்புல சுத்துனா எல்லாம் ஒண்ணுதான். அந்த நர்சம்மா வெள்ளைதான கட்டியிருக்குதாம்? அறுத்ததா அது?"

"கல்யாணமே ஆவலீங்களாம்," என்றார் எங்கள் வீட்டுக்காரர் குழிக்குள்ளிருந்து.

"அப்ப அதுக்கு என்ன, போறதுக்கு யார் உசுரும் இல்ல. எம்பையன் குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்கறான். அவன் இருக்கறப்பவே அவன் பொண்டாட்டிக்கு வெள்ளை சுத்தறதா? இந்த ஊட்டுல ஒருத்தி சுத்துனது போதும்."

எனக்கும் உள்ளூர அதே பயம் இருந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் தறியைத் திருத்தினார். நாலு விரல் அகலத்துக்கு ஒரு துணி, எனக்காகவே நெய்தார். இரண்டு ஓரத்திலும் சிவப்புக் கரை ஓடவிட்டார். மாலைபோலச் சுருட்டி எடுத்துவந்து என் மடியில் வைத்தார். கஞ்சி மொறுமொறுவென்று, தட்டினால் சத்தம் கேட்கும். அத்தனை அழகான துணியை நான் சேலையாகக்கூடக் கட்டினதில்லை. ஊரில் எந்தப் பெண்டாட்டியின் புண்ணுக்குப் புருஷன் கரை வைத்து நெய்து கொடுத்தான்? எனக்குக் கர்வம் பொங்கியது.

சொன்னபடி வேகவைத்தோம். தண்ணீர் சிவந்துவிட்டது. சண்டையால் நல்ல சாயம் வராமல், கிடைத்ததைப் போட்டு நூல் தோய்த்த காலம் அது. துணி முழுக்க இளஞ்சிவப்பாக வந்தது. மாமியாருக்குச் சந்தோஷம். "பாரு, மங்கலமா இருக்குது," என்றார். வேகவைத்த கஞ்சி துணியிலேயே கூழாகி, காய்ந்ததும் முன்னைவிட விறைத்துக்கொண்டது. துணி விறைப்பாக இருந்தால் நல்ல துணி என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவர்கள் நாங்கள். அதை மாமியார் விரலில் தொடங்கி முட்டிக்குக் கீழேவரை, பாடத்தில் சொன்ன மாதிரியே சுற்றிக் கட்டினார். மறுபடி வேகவைத்தால் கரை வெளுத்துவிடும் என்று சந்தை நாள்வரை அவிழ்க்கவில்லை.

அடுத்த சந்தை நாளில் எங்கள் வீட்டுக்காரருக்கு நூல் வாங்க வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. மாமியார் என்னோடு வந்தார். அவர் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை.

நர்சம்மா என் சேலையைக் கொஞ்சம் விலக்கினார். சிவப்பைக் கண்டதும் அவர் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. "ஐயோ, ரத்தம்! எப்பம்லேர்ந்து வடியுது? ஏம்ளா, ஒடனே வரவேண்டாமா?"

"ரத்தமில்லீங்க, கரைச்சாயம்," என்றார் வண்டிக்காரப் பெரியவர். "அந்தம்மா காலுக்குக் கல்யாணமுங்க, இன்னிக்கி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நர்சம்மா சிரிக்கவில்லை. தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கட்டை நனைத்தார். கடைசிச் சுற்று வரவில்லை. கஞ்சி, சீழ், சாயம் மூன்றும் சேர்ந்து பலகை மாதிரி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல எடுத்தும் ஓரத்துத் தோல் அதோடு வந்தது. அப்போது வந்தது, நிஜ ரத்தம். நான் கீழே பார்த்தேன். முன்பு குழந்தை கை அகலம் இருந்த புண் இன்னும் ஒரு விரல் அகலமாகி, சுற்றிலும் தீயில் வாட்டினதுபோல் சிவந்திருந்தது. இது என் கால்தானா என்று இருந்தது.

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் நெடுநேரம் பார்த்தார். "தை வரைக்கும் தாங்காது போலிருக்கே நர்சம்மா. அடுத்த சந்தைக்கும் இப்படியே இருந்தா நான் சீட்டு எழுதிடறேன்," என்று சொல்லிவிட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டு என்னை இன்னும் பயமுறுத்தியது.

நர்சம்மா அந்தச் சிவப்புச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "கட்டுத்துணிக்கு யாராவது கரை வெப்பாங்களா? எதுக்கு வெச்சீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமியார் முன்னே வந்தார். "எம்மருமவ சுமங்கலிங்க. வெறும் வெள்ளை அவ ஒடம்புல ஏறக்கூடாதுங்க."

நர்சம்மா தன் சேலையைக் குனிந்து பார்த்தார். பிறகு மாமியாரின் சேலையைப் பார்த்தார். "எனக்குத் தெரியாமப் போச்சு, அம்மா. நான் கேட்டிருக்கணும்," என்றார். பிறகு மாமியாரைப் பெஞ்சில் உட்காரச் சொல்லி, முதலிலிருந்து பாடத்தைத் தொடங்கினார். கஞ்சி புண்ணை எப்படிக் கடிக்கும், சாயம் எப்படி எரிக்கும், தடித்த கரை காலில் எப்படிப் பள்ளம் போடும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். முடித்துவிட்டு வழக்கம்போல, "வீட்டுல கட்டுதது நீங்கதானே? இப்பம் நீங்க திருப்பிச் சொல்லுங்க," என்றார்.

"நான் என்ன பள்ளிக்கூடத்துப் புள்ளையா?"

"சொல்லாம எந்திரிக்க விடமாட்டாங்க, அம்மிணி," என்றார் வண்டிக்காரப் பெரியவர். "நான் அன்னிக்கிக் கழுத்துல கட்டி மாட்டிக்கிட்டேன்."

மாமியார் முகவாயைத் தூக்கிக்கொண்டு ஆரம்பித்தார். ஒன்றுவிடாமல் சொன்னார். கை கழுவுவது, ஆறின தண்ணீர், விழித்ததும் கட்டுவது. "துணி... பழசா இருக்கோணும். தொவைச்சுத் தொவைச்சு நைஞ்சு போனதா, பூ மாதிரி இருக்கோணும். கஞ்சி துளி இருக்கக் கூடாது. சாயம் ஆகாது. கரை..." அங்கே நின்றுவிட்டார்.

எல்லோர் கண்ணும் அவர் உடம்புக்குப் போனது. பழசு. துவைத்துத் துவைத்து நைந்தது. கஞ்சி இல்லை, சாயம் இல்லை, கரை இல்லை. அவர் சொன்ன துணியை அவரே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். எழுந்து நடந்தார்.

அவரிடம் இருந்தது இரண்டு சேலை. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில்.

மறுநாள் விடியும்போது ஒரு சத்தம் கேட்டு விழித்தேன். சர்ரென்று துணி கிழிகிற சத்தம். தறிக்காரர் வீட்டில் அந்தச் சத்தம் கேட்காது. இழை அறுந்தால் முடிச்சுப் போடுவோமே தவிர, நெய்ததைக் கிழிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. திரும்பிப் பார்த்தேன். மாமியார் கொடியில் இருந்த தன் வெள்ளைச் சேலையின் ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்து, இரண்டு கையாலும் நீளவாட்டில் கிழித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

வெந்து காய்ந்த சுருளோடு என் கட்டிலுக்கு வந்தார். "அம்மிணி, காலை நீட்டு."

"அத்தெ, வேண்டாமுங்க!" நான் காலை மடக்கிக்கொண்டேன். "அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா? நான் ஒத்தைக் காலோட இருந்துக்கறேன். வேண்டாமுங்க."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் காலைப் பிடித்து நீட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மாமியார் மடியில் மருமகள் கால்! நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. குனிந்த தலை நிமிராமல் சொன்னார்.

"அவங்கப்பன் செத்தானே, அன்னிக்கி நான் செவப்புக் கரைதான் கட்டியிருந்தேன். அவனே நெய்ஞ்சு குடுத்தது. என்ன புடிச்சு நிறுத்துச்சு அந்தக் கரை?"

அத்தனை வருஷத்தில் மாமனாரைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அப்படி ஒரு கேள்வி அவருக்குள் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? பயம் அவரை விட்டுப் போய்விட்டது என்றும் நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்தி, வெளியே மகன் முகம் கழுவுகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தார். ஒரே ஆண்பிள்ளையின் உயிரை ஒரு தட்டிலும் என் காலை இன்னொரு தட்டிலும் வைத்து, என் பக்கம் கையை வைத்தார். எதற்கு? நான் அவர் பெற்ற பெண்ணா? அன்று வந்த திகைப்பு எனக்கு இன்றுவரை தெளியவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தவர் வாசற்படியிலேயே நின்றார். அம்மாவைப் பார்த்தார். வெள்ளைக் கட்டைப் பார்த்தார். நேரே தறிக்குழியில் இறங்கினார். தறியில் இருந்த கலர்ப் பாவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெறும் வெள்ளைப் பாவு ஏற்ற ஆரம்பித்தார். அம்மாவுக்கு மாற்றுச் சேலை இல்லையே.

சேதி தெருவில் பரவ எவ்வளவு நேரம்? எதிர்வீட்டு அம்மாள் வாசலிலிருந்தே கேட்டாள். "ஏனுங்க, அறுத்தவ சேலையைக் கிழிச்சு சுமங்கலி கால்ல சுத்தலாமுங்களா? ஊட்டுக்கு ஆவுமுங்களா?"

"சுத்தலைன்னா அவளுக்கு உன்ற காலைக் கழட்டிக் குடுப்பியா? குடுக்கறதுன்னா சொல்லு, இப்பவே பிரிச்சுப் போடறேன்," என்றார் மாமியார்.

எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

அந்தச் சேலை காலில் இருப்பதே தெரியாது. தண்ணீர் பட்டதும் வழுவழுவென்று கழன்று வரும். தோலைப் பிய்க்கவில்லை. அடுத்த சந்தை நாளில் டாக்டர் பார்த்துவிட்டு, சீட்டு எழுதுகிற பேனாவை மூடி வைத்தார். "பார்க்கலாம்," என்றார். அவ்வளவுதான். மார்கழியில் புண்ணின் ஓரத்தில் நகம் நிறத்தில் ஒரு வரி தெரிந்தது. "அதான் புதுத்தோலு," என்றார் நர்சம்மா, கோலத்தைத் தொட்டுவிடாமல் காட்டுகிற மாதிரி விரலைத் தூரத்திலேயே வைத்துக்கொண்டு. எங்கள் வீட்டுக்காரர் இருமினால் நானும் மாமியாரும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்வோம். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மாமியார் அன்று சோறு தின்னவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் வழக்கம்போலக் கட்டைக் கொண்டுவந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். காய்ச்சல் தணிந்தது.

தை பிறந்தது. டாக்டர் விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். "சேலம் போக வேண்டாம்," என்றார். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. எந்தக் காலுக்காக இத்தனை பாடோ அந்தக் காலை மடக்கிக் கீழே உட்கார்ந்தேன். வண்டிக்காரப் பெரியவர்தான், "எந்திரி அம்மிணி, காலை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா எப்படி?" என்றார்.

பங்குனியில் புண்ணின் வாய் முழுக்க மூடிக்கொண்டது. அந்தச் சந்தை நாளில் மரத்தடியில் புதிதாக வந்தவர்கள் நிறையப் பேர். நர்சம்மா பெஞ்சைப் போட்டுவிட்டு, தன் காலைத் தூக்கப் போனார். நான் எழுந்து போய் என் காலை வைத்தேன். சேலையை முட்டிவரை நானே ஏற்றினேன். முகம் தீயாய் எரிந்தது, இறக்கவில்லை. "இதைப் பாருங்க. இதுதான் வெட்டுறேன்னு சொன்ன கால்," என்றேன். பாடத்தை நானே சொன்னேன். துணி எப்படி இருக்க வேண்டும் என்று வந்த இடத்தில், நர்சம்மா என்னைத் திருத்தவில்லை. பழசு, நைந்தது, கஞ்சியில்லாதது, சாயமில்லாதது, கரையில்லாதது. பின்னால் என் மாமியார் புதுச் சேலையில் நின்றுகொண்டிருந்தார். கஞ்சி விறைப்பு அடங்காத புதுச் சேலை, மகன் நெய்தது.

அந்த மகன் அம்மாவை அடக்கம் செய்து, ஒன்பது பேருக்கும் கல்யாணம் பண்ணிப் பார்த்து, பல் எல்லாம் கொட்டின பிறகுதான் போனார். இப்போது நானும் வெள்ளைதான். என் சேலைக்குக் கஞ்சி போடவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கட்டு இன்றைக்கும் விடியும் முன்னே கட்டிக்கொள்கிறேன். அந்தப் புண் திரும்ப வாய் திறக்கக் காத்துக்கொண்டே இருக்கும் என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார்.

எழுதி முடிந்தது. நரி கடித்தது என்று நான் ஏமாற்றின பேத்திக் கண்ணு, இங்கே வா சாமி. விளக்கைப் போட்டுக்கொண்டு என் கால்மாட்டில் உட்கார். நான் எழுதினதை முதலிலிருந்து படி. என் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. திருப்பிக் கேட்டால்தான் சொன்னது சொன்னபடி இருக்கிறதா என்று தெரியும். உன் கொள்ளுப்பாட்டி சேலை கிழிக்கிற இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகப் படி.